"நோ எந்தூசியாஸ்ட்" என்பதற்கு "ஆர்வலர் அல்ல" சரியா?

ஏட்டுச்சுவடி:
வணக்கம். 1750களில் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒரு பாதிரியார் வாழ்க்கைக் குறிப்பைத் தமிழாக்க வேண்டியிருக்கிறது. அதில் ஒரு வரி: "எ மேன் ஆஃப் ட்ரூ பைட்டி, பட் நோ எந்தூசியாஸ்ட்." முதல் வரைவில் "மெய்யான பக்திமான், ஆனால் ஆர்வலர் அல்ல" என்று இருக்கிறது. படித்தால் ஒட்டவே இல்லை. பக்தி உண்டாம், ஆர்வம் கிடையாதாம். அதைப் புகழ்ச்சியாக வேறு சொல்கிறார்கள். எந்தூசியாசம் என்று தேடினால் அகராதியில் கிடைப்பது ஆர்வம், உற்சாகம், ஊக்கம். மூன்றில் எதைப் போட்டாலும் இதே சங்கடம்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அதே தொகுப்பில் 20ஆம் நூற்றாண்டுக் கட்டுரை ஒன்று இருக்கிறது. அதில் இதே சொல் முழுக்க நல்ல பொருளில் வருகிறது. தொகுப்பு முழுவதும் ஒரு சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல் என்பது விதி. இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா?

வேர்க்கிழங்கு:
இல்லை. தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். எழுத்து ஒன்றுதான், 1750இல் அது வேறு சொல்.

கிரேக்கத்தில் 'என்' என்றால் உள்ளே, 'தியோஸ்' என்றால் கடவுள். 'எந்தியோஸ்' என்றால் கடவுள் உள்ளே புகுந்தவர். அதிலிருந்து எந்தூசியாஸ்மோஸ். பிளேட்டோவின் 'அயோன்' உரையாடலில் கவிஞர்களைப் பற்றி சாக்ரடீஸ் பேசுவது இதைத்தான். காந்தக்கல் ஓர் இரும்பு வளையத்தை இழுக்க, அந்த வளையம் அடுத்ததை இழுக்க, சங்கிலியாகத் தொங்குமே, அதுபோல் கலைத்தேவதை கவிஞனைப் பிடிக்கிறாள், கவிஞன் பாடகனைப் பிடிக்கிறான், பாடகன் கூட்டத்தைப் பிடிக்கிறான். கவிஞன் தன் அறிவால் பாடவில்லை, அவன் மேல் ஏறியது பாடுகிறது என்பது வாதம்.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் 16ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி வருகிறது. அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர். "கடவுள் நேரே என்னிடம் பேசினார்" என்று கிளம்பியவர்கள் ஏராளம். அதற்குப் பிறகு படித்தவர்கள் வாயில் எந்தூசியாசம் ஒரு வசைச்சொல் ஆகிவிட்டது. மெய்யியலாளர் ஜான் லாக், மனித அறிவைப் பற்றிய தன் பெரிய நூலின் 4ஆம் பதிப்பில் (1700) இதற்கென்றே தனி அத்தியாயம் சேர்த்தார். பகுத்தறிவை ஒதுக்கி வைத்துவிட்டு, சூடேறிய மூளையில் தோன்றுவதைத் தெய்வ வாக்கு என்று நம்புவது, இதுதான் அவர் கணக்கில் எந்தூசியாசம். 1708இல் ஷாஃப்ட்ஸ்பரி பிரபு இதைப் பற்றிக் கடித வடிவில் ஒரு நூல் எழுதினார். அப்போது லண்டன் தெருவில் பிரான்சிலிருந்து வந்த 'தீர்க்கதரிசிகள்' விழுந்து புரண்டு அருள்வாக்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1741இல் மெய்யியலாளர் ஹியூம் மூடநம்பிக்கையையும் எந்தூசியாசத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு கட்டுரை எழுதினார். அவருக்கு இரண்டும் மெய்யான மதம் கெட்டுப்போன வடிவங்கள்.

1755இல் வந்த ஜான்சன் அகராதியின் முதல் பொருளே, கடவுள் தனக்கு மட்டும் தனியாக வெளிப்பட்டார் என்கிற வீண் நம்பிக்கை என்பதுதான். மனக்கொதிப்பு இரண்டாவது. உயர்ந்த கற்பனை மூன்றாவது இடத்தில். உங்கள் நூல் அந்த ஆண்டுகளைச் சேர்ந்தது. ஆகவே அந்த வரி சொல்வது: பக்தி உள்ளவர், ஆனால் "எனக்கு அருள் வந்தது" என்று ஆடுகிற ஆள் இல்லை. புகழ்ச்சிதான்.

மார்த்தாண்டம்:
அப்படியானால் 'வைராக்கியம்' போடலாமே. பைபிளில் இருக்கிற சொல்தானே. "உம்முடைய வீட்டைக்குறித்து உண்டான பக்திவைராக்கியம் என்னைப் பட்சித்தது."

பிழைதிருத்தி:
அது ஸீல் என்கிற வேறு ஆங்கிலச் சொல். கிங் ஜேம்ஸ் பைபிளில் எந்தூசியாசம் என்கிற சொல்லே கிடையாது. நீங்கள் எடுத்துக் காட்டிய யோவான் 2:17இல் ஆங்கிலத்தில் இருப்பது ஸீல், கிரேக்கத்தில் ஸேலோஸ். அதே ஸேலோஸ்தான் லத்தீன், பழைய பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்து ஜெலஸ் ஆனது. பக்தி முற்றிய நிலையும் பொறாமையும் ஒரு தாய் பிள்ளைகள். தமிழ் பைபிளில் இது இரண்டாகப் பிரிந்து நிற்பதைப் பார்க்கலாம். மனிதன் கடவுளுக்காகக் கொதித்தால் பக்திவைராக்கியம். யாத்திராகமம் 20:5இல் கடவுள் தன்னைப் பற்றிச் சொல்லும்போது "எரிச்சலுள்ள தேவன்".

பைபிளில் ஸீல் பெரும்பாலும் நல்லது. அறிவோடு சேராவிட்டால்தான் கெட்டது. ரோமர் 10:2இல் "அறிவுக்கேற்ற வைராக்கியமல்ல" என்று பவுல் பிரித்துக் காட்டுகிறார். 18ஆம் நூற்றாண்டில் ஒரு பாதிரியாரை 'ஸெலஸ்' என்றால் பாராட்டு, 'எந்தூசியாஸ்ட்' என்றால் திட்டு. இன்றைய நாளிதழில் கிட்டத்தட்டத் தலைகீழ். எந்தூசியாஸ்ட் என்றால் பறவை பார்ப்பவர், பழைய கார் சேர்ப்பவர்; ஸெலட் என்றால் கிட்டே போகப் பயப்பட வேண்டிய ஆள். இந்தத் தொகுப்பில் ஸீலும் எங்காவது வரும். வைராக்கியத்தை இப்போதே செலவழித்துவிட்டால் அப்போது கையில் ஒன்றும் இருக்காது.

வைராக்கியத்தின் சொந்தக் கதையும் வேடிக்கைதான். வடமொழியில் ராகம் என்றால் பற்று. வைராக்கியம் என்றால் பற்றில்லாமை. மயான வைராக்கியம், பிரசவ வைராக்கியம் என்கிறோமே, அதில் பழைய பொருள் அப்படியே நிற்கிறது: சுடுகாட்டில் நிற்கும்வரை உலகமே வேண்டாம், வீட்டுக்கு வந்து குளித்ததும் பழையபடி. ஆனால் "வைராக்கியமா இருந்து வீடு கட்டிட்டா" என்கிறபோது அது விடாப்பிடி. வேண்டாம் என்று உறுதியாக நிற்பதிலிருந்து 'உறுதி' மட்டும் பிரிந்து வந்துவிட்டது.

மார்த்தாண்டம்:
ஏற்றுக்கொள்கிறேன். சங்கீதம் 69:9இலும் அது ஸீல்தான், இப்போதுதான் பார்த்தேன்.

கட்டைவிரல்:
பழசை விடுங்க, 20ஆம் நூற்றாண்டுக் கட்டுரைக்கு வர்றேன். சப்டைட்டில்ல தினமும் அடிபடுற சொல் இது. "எந்தூசியாசம் = உற்சாகம்"னு கண்ணை மூடிட்டுப் போட்டா பாதி இடத்துல இடிக்கும்.

ஆங்கிலத்துல பக்கத்துல எந்த முன்னிடைச்சொல் நிக்குதுன்னு பாருங்க, அதுவே சொல்லிக் குடுக்கும். 'எந்தூசியாசம் ஃபார்' வந்தா ஆர்வம். 'வித் எந்தூசியாசம்' வந்தா உற்சாகம். ஏன்னா தமிழ்ல ஆர்வத்துக்கு ஒரு இலக்கு வேணும்: செடி வளர்க்கிறதுல ஆர்வம், சதுரங்கத்து மேல ஆர்வம். உற்சாகத்துக்கு இலக்கு வேண்டாம், அது ஆளோட நிலைமை: "காலையிலேர்ந்தே உற்சாகமா இருக்கான்." சதுரங்கத்து மேல உற்சாகம்னு யாரும் சொல்லமாட்டோம். சொன்னா டப்பிங் படம் மாதிரி இருக்கும்.

ஊக்கம் வேற ஜாதி. அதை வெளியிலேர்ந்து குடுக்கலாம்: ஊக்குவி, ஊக்கத்தொகை, விளையாட்டுக்காரங்க மாட்டிக்கிற ஊக்கமருந்து. அந்த நெடி ஒட்டிக்கிட்டதால "ஊக்கமான கைதட்டல்"னு போட்டா யாரோ தூண்டிவிட்டுத் தட்டுன மாதிரி ஆயிடுது. அங்க "பலத்த கைதட்டல்" போதும். மொழிபெயர்க்கிற எல்லா இடத்துலயும் ஒரு பெயர்ச்சொல் இருந்தே ஆகணும்னு சட்டமில்ல. "ஹி ஏட் வித் எந்தூசியாசம்"னா "வெளுத்துக் கட்டினான்", முடிஞ்சது.

'ஓவர்-எந்தூசியாஸ்டிக்' வந்தா கொண்டாடுங்க. ஆர்வக்கோளாறு. இதுக்கு நிகரா ஆங்கிலத்துலயே ஒரு சொல் கிடையாது. காலேஜ் பசங்க பேசினா 'ஓவர் எந்து', 'எந்து கட்லெட்'. அதை அப்படியே விட்டுடலாம், இந்திய ஆங்கிலமே அதுதான்.

'இன்ஃபெக்‌ஷியஸ் எந்தூசியாசம்' வந்தா மெஷின் 'தொற்று உற்சாகம்'னு துப்பும். நாம வினையா சொல்லுவோம்: "அவ உற்சாகம் எல்லாருக்கும் தொத்திக்கிச்சு."

இலக்கணப்புலி:
கட்டைவிரல் சொன்ன ஃபார் / வித் விதி நன்றாக வேலை செய்யும். எதிர்த்திசையில், அதாவது தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும்போது, நடக்கிற பிழைகளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

"கணிதத்தில் ஆர்வம்" என்கிற -இல் உருபு அப்படியே 'எந்தூசியாசம் இன் மேத்ஸ்' ஆகிவிடுகிறது. 'இன்ட்ரஸ்ட்' என்ற சொல்லுக்கு 'இன்' சரி என்பதால் இதற்கும் சரி என்று தோன்றும். பெயர்ச்சொல்லுக்கு ஃபார்: 'எந்தூசியாசம் ஃபார் மேத்ஸ்'. பெயரடைக்கு அபௌட்: 'எந்தூசியாஸ்டிக் அபௌட் மேத்ஸ்'. 'இன்' வரவே வராது என்றில்லை. 'தி எந்தூசியாசம் இன் ஹெர் வாய்ஸ்' முழுக்கச் சரி. அங்கே 'இன்' இடத்தைக் காட்டுகிறது.

வேலை விண்ணப்பங்களில் அதிகம் கண்ணில் படுவது 'ஐ ஆம் வெரி எந்தூசியாஸ்ட்'. எந்தூசியாஸ்ட் என்பது ஆளைக் குறிக்கும் பெயர், 'வெரி' ஒட்டாது. 'லேக்' வினையாக வந்தால் 'ஆஃப்' கிடையாது: 'ஹி லேக்ஸ் எந்தூசியாசம்'. பெயராக வந்தால் உண்டு: 'எ லேக் ஆஃப் எந்தூசியாசம்'. பன்மை பொதுவாக வராது. வந்தால் பொருள் மாறிவிடும். 'ஹிஸ் எந்தூசியாஸம்ஸ்' என்றால் அவருடைய பித்துகள்: இந்த மாதம் தேனீ, அடுத்த மாதம் வீணை.

உச்சரிப்பில் அழுத்தம் இரண்டாவது அசையில்: பிரிட்டிஷ் வாயில் 'தியூ', அமெரிக்க வாயில் 'தூ'. எழுத்தில் உள்ள இரண்டு எஸ்ஸும் இங்கே இஸட் ஒலிதான். பெயரடை ஆனதும் அழுத்தம் பின்னால் தாவி 'ஆஸ்' மேல் விழுகிறது, அந்த எஸ் உண்மையான எஸ் ஆகிவிடுகிறது. அழுத்தத்தை முதல் அசையில் வைத்துச் சொல்வதுதான் நம் பக்கத்துப் பிழை.

'எந்தூஸ்' என்ற வினைச்சொல் 1827 முதல் எழுத்தில் கிடைக்கிறது. பெயர்ச்சொல்லிலிருந்து வாலை வெட்டி உண்டாக்கியது. பேச்சில் யாரும் தடுக்கப் போவதில்லை. முறையான கடிதத்தில் அதைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கடைசியாக, 'லெஸ் தேன் எந்தூசியாஸ்டிக்' என்று ஒரு வெள்ளைக்காரர் எழுதினால் "உற்சாகம் சற்றுக் குறைவு" என்று மொழிபெயர்க்காதீர்கள். அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

ஏட்டுச்சுவடி:
அருமை. நவீனக் கட்டுரைக்கு ஆர்வமும் உற்சாகமும் இடம் பார்த்து. ஒரே சொல் விதியைத் தளர்த்தத்தான் வேண்டும் போல. 1750க்குத்தான் இன்னும் சொல் இல்லை.

கட்டைவிரல்:
வேர்க்கிழங்கு சொன்னதைப் பார்த்தா "சாமியாடி அல்ல"ன்னு போட்டுடலாமே?

வேர்க்கிழங்கு:
அருகில் வந்துவிட்டீர்கள், ஆனால் கூடாது. ஊர்க் கோயிலில் சாமியாடுவது ஒரு பொறுப்பு. எந்தக் குடும்பத்துக்கு எந்தச் சாமி வரும் என்பது ஊருக்கே தெரியும், அவர் வாக்குக்காக ஊரே காத்து நிற்கும். லாக்கும் ஹியூமும் பேசுகிற எந்தூசியாஸ்ட்டுக்கு அந்த ஒப்புதல் கிடையாது. தானாகக் கிளம்பியவன் என்பதுதான் குற்றச்சாட்டே. போதாததற்கு, ஆங்கிலிக்கன் பாதிரியார் பக்கத்தில் சாமியாடியை நிறுத்தினால் வாசகருக்குச் சிரிப்புத்தான் வரும்.

ஆனால் வேர் அளவில் எந்தூசியாசத்துக்குச் சரியான தமிழ் உண்டு: வெறி. சிரிக்காதீர்கள். இன்றைக்குச் சாதிவெறி, மதவெறி, வெறிநாய் என்று கெட்ட சகவாசத்தில் இருக்கிறது. சங்க காலத்தில் வெறி என்றால் முருகன் ஏறி வருவது. முருகனின் பூசாரியான வேலன் ஆடுவது வெறியாட்டு. தொல்காப்பியம் "வெறியறி சிறப்பின் வெவ்வாய் வேலன்" என்கிறது. தெய்வம் ஏறியதும் வெறி, நறுமணமும் வெறி.

லாக்கின் சந்தேகம் கூட நம்மிடம் பழையதுதான். தலைவி மெலிந்தது காதலால். தாய்க்கு அது தெரியாது, முருகன் பிடித்திருக்கிறான் என்று வேலனைக் கூப்பிட்டு வெறியாட வைக்கிறாள். நற்றிணை 34இல் தோழி வேலனை விட்டுவிட்டு நேரே முருகனிடமே போகிறாள். இந்த நோய் உன்னால் வந்ததில்லை என்று தெரிந்தும், கூப்பிட்டார்கள் என்று வெறிக்களத்துக்கு வந்து நிற்கிறாயே, கடவுளே ஆனாலும் நீ "மடவை" என்கிறாள். அறியாதவன் என்று பொருள். அருள் வந்தது உண்மையாகவே இருந்தாலும் வாக்கு தப்பு! ஷாஃப்ட்ஸ்பரி கூட அவ்வளவு தூரம் போகவில்லை.

ஆக ஆங்கிலச் சொல் சாமி வந்ததில் தொடங்கி, வசையாகி, இன்று நேர்காணலில் சொல்லிக்கொள்கிற நற்குணம். நம் வெறி அங்கேயே தொடங்கி வசையில் வந்து நின்றது. நின்றதா என்றும் சொல்ல முடியவில்லை. இளவட்டங்கள் "வெறித்தனம்!" என்று மெச்சுவதைப் பார்த்தால் அதுவும் மேலே ஏறத் தொடங்கிவிட்டது.

இன்று மதவெறியரைக் குறிக்கிற ஃபெனாட்டிக்கும் இதே தெருவில் பிறந்ததுதான். லத்தீனில் ஃபானும் என்றால் கோயில். கோயிலில் ஆவேசம் வந்தவன் ஃபெனாட்டிக். அதன் தலையை மட்டும் வெட்டி எடுத்ததுதான் ஃபேன் என்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க பேஸ்பால் மைதானங்களிலிருந்து பரவியது.

வடமராட்சியான்:
வேர்க்கிழங்கு கடைசிப் பந்தியிலை தன்னையறியாமல் விடையைச் சொல்லிப்போட்டார். ஆவேசம். வடமொழியிலை அதின்ரை நேர்ப்பொருளே உள்ளே புகுதல். எந்தியோஸுக்கு அச்சு அசல். எங்கடை ஊரிலை பேச்சுக்கு உருவாடுறது எண்டு சொல்லுவினம், ஆனா அது சாமியாடி மாதிரித்தான், இந்த நூலுக்குச் சரிவராது. ஆவேசம் எழுத்துத் தமிழிலை ஊர் மணம் இல்லாமல் நிக்கும்.

ஒரு பக்கக் குறிப்பு. 18ஆம் நூற்றாண்டிலை இந்த வசையைக் கூடுதலாய் வாங்கினது மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கின பாதிரியார் ஜான் வெஸ்லியும் அவற்றை ஆக்களும்தான். 1749இலை லாவிங்டன் பிஷப், மெதடிஸ்தரின்ரை எந்தூசியாசத்தையும் கத்தோலிக்கரின்ரையையும் ஒப்பிட்டு ஒரு தாக்குதல் நூலே வெளியிட்டார். வெஸ்லி அதே சொல்லைத் தலைப்பாய் வைச்சு ஒரு பிரசங்கம் செய்தவர், 1750இலை அச்சிலை வந்தது. எடுத்த வசனம் அப்போஸ்தலர் 26:24, பவுலைப் பார்த்து பெஸ்து "நீ பிதற்றுகிறாய்" எண்டு சத்தம் போடுற இடம். அதிலை அவர் இந்தச் சொல்லை மறுக்கேல்லை, வகை பிரிச்சார். இல்லாத அருளை இருக்கு எண்டு நினைக்கிறவன், இல்லாத வரங்களை இருக்கு எண்டு நினைக்கிறவன், வழியைப் பாவியாமல் முடிவு மட்டும் கிடைக்கும் எண்டு காத்திருக்கிறவன். வேதத்தைப் படியாமலே வேதம் விளங்கும் எண்டு இருக்கிறவன் மூண்டாவது வகை. உங்கடை நூலிலை இந்த மூண்டாவது வகைதான் வருதோ எண்டு பாருங்கோ, பிரசங்கத்துக்கு ஆயத்தம் செய்யாத பாதிரிமாரைத் திட்டேக்கை அதைத்தான் சொல்லுவினம்.

அந்த வெஸ்லியன் ஆக்கள் 1814இலை இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்திலை பள்ளிக்கூடம் நடத்தினவை. ஆறுமுக நாவலரோடை சேர்ந்து பைபிளைத் தமிழாக்கின பேர்சிவல் பாதிரியாரும் வெஸ்லியன்தான்.

பிழைதிருத்தி:
ஆவேசத்தில் ஒரு பொறி இருக்கிறது. இன்றைய செய்தித்தமிழில் "ஆவேசமாகப் பேசினார்" என்றால் கோபம். "மெய்யான பக்திமான், ஆவேசக்காரர் அல்ல" என்று படிக்கிறவர், கோபப்படாத சாது என்றே நினைப்பார். அந்தப் பொருளும் வாக்கியத்தில் அழகாகப் பொருந்தித் தொலைப்பதால் பிழை யார் கண்ணிலும் படாது.

முதல் முறை வரும் இடத்தில் 'தெய்வ ஆவேசம்' என்று முழுதாகப் போடுங்கள். நூலில் அந்த வரிக்கு முன்னாலேயே எந்தூசியாசம் எங்காவது வந்திருந்தால் இன்னும் நல்லது, அங்கேயே பழக்கிவிடலாம். அதற்குப் பிறகு ஆவேசம் மட்டும் போதும். ஒரே சொல் விதி விஷயம்: சொல்லடைவில் இரண்டு பதிவாகப் பிரியுங்கள். 18ஆம் நூற்றாண்டுப் பகுதிக்கு ஆவேசம். 20ஆம் நூற்றாண்டுக்கு ஆர்வம் / உற்சாகம். சந்தேகம் வந்தால் ஆங்கில வரியில் எந்தூசியாசத்தை எடுத்துவிட்டு 'ஃபெனாட்டிசிசம்' வைத்துப் பாருங்கள். வாக்கியம் நின்றால் ஆவேசம்.

ஆர்வலர் என்ற சொல்லையும் நவீனப் பகுதியில் பார்த்துப் பயன்படுத்துங்கள். திருக்குறள் 71இல் "ஆர்வலர் புண்கணீர்" என்கிறபோது அது அன்புடையவர். இன்று பறவை ஆர்வலர் என்றால் எந்தூசியாஸ்ட், சமூக ஆர்வலர் என்றால் ஆக்டிவிஸ்ட், தன்னார்வலர் என்றால் வாலண்டியர். முன்னால் என்ன ஒட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்து ஆளே மாறிவிடுகிறார். தனியாக 'ஆர்வலர்' என்று நிறுத்தினால், போராட்டத்துக்குப் போனவர் என்று எண்ணவும் இடமுண்டு. கார் எந்தூசியாஸ்ட்டுக்கு 'கார்ப் பிரியர்' வசதி.

கட்டைவிரல்:
நவீனக் கட்டுரையில 'கங்-ஹோ' வந்தா? அதுவும் எந்தூசியாசம் குடும்பம்னு போட்டிருக்கு.

வேர்க்கிழங்கு:
குடும்பம் இல்லை, தத்துப்பிள்ளை. சீனத்தில் 1938இல் தொடங்கிய தொழில் கூட்டுறவு இயக்கத்தின் பெயர்ச் சுருக்கம் அது. 'தொழில்', 'கூட்டு' என்ற இரண்டு சொற்களின் தலையெழுத்து, அவ்வளவுதான். எவன்ஸ் கார்ல்சன் என்கிற அமெரிக்க மரீன் அதிகாரி, 'சேர்ந்து உழை' என்று பொருள் கொண்டு 1942இல் தன் படைப்பிரிவின் முழக்கமாக்கினார். மற்ற மரீன்கள் அதைக் கிண்டலாகச் சொல்லச் சொல்ல, 'முன்பின் பாராமல் குதிக்கிறவன்' என்ற பொருள் ஒட்டிக்கொண்டது. 'நாட் கங்-ஹோ அபௌட்' என்று எதிர்மறையில் வந்தால் "அவ்வளவாக இஷ்டமில்லை". உடன்பாட்டில் வந்தால் பெரும்பாலும் நீங்கள் சொன்ன ஆர்வக்கோளாறுதான்.

ஏட்டுச்சுவடி:
நூலில் பின்னோக்கித் தேடியதில் 11 பக்கம் முன்னாலேயே எந்தூசியாசம் ஒரு முறை வருகிறது, 'ஃபெனாட்டிசிசம்' சோதனையிலும் தேறுகிறது. அங்கே 'தெய்வ ஆவேசம்'. நம் வரி இப்போது: "மெய்யான பக்திமான், ஆவேசக்காரர் அல்ல." வடமராட்சியான் சொன்ன மூன்றாவது வகையும் ஓரிடத்தில் இருக்கிறது, குறிப்பெடுக்காமல் பிரசங்க மேடை ஏறுகிற ஒரு துணைப் பாதிரியார். அங்கும் ஆவேசமேவா?

வடமராட்சியான்:
ஓம், அதேதான். மாத்தாதேங்கோ. ஆயத்தமில்லாமல் ஏறுறது சோம்பலாலை இல்லை, ஆவி வந்து பேசும் எண்ட நம்பிக்கையாலை எண்டது அப்பதான் விளங்கும்.

பிழைதிருத்தி:
எல்லாம் சரி. "அல்ல" இல்லை, "அல்லர்". தலைப்பிலிருந்தே அந்தப் பிழை வந்துகொண்டிருக்கிறது, என் பதிவிலும்கூட.